ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போகும் நெட்வொர்க் கேபிள்: எதில் கட்டலாம், எதில் கட்டக்கூடாது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். டெக்சாஸில் வாடகைக்கு எடுத்த அலுவலகம். புதிதாக 48 கேட்-6 கேபிள் இழுத்திருக்கிறார்கள். சீலிங் டைல் ஒன்று நடுவில் தொய்ந்திருக்கிறதே என்று தூக்கிப் பார்த்தால், நீலக் கேபிள் கட்டு டைலின் முதுகில் படுத்துக் கிடக்கிறது. சில இடங்களில் சீலிங்கைத் தாங்கும் கம்பியோடு சேர்த்து பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஓரிடத்தில் ஸ்பிரிங்க்ளர் பைப்பில் தொங்குகிறது. கான்ட்ராக்டரைக் கேட்டால், "இது லோ வோல்டேஜ் சார், எலெக்ட்ரிக்கல் கோட் இதுக்குப் பொருந்தாது" என்கிறார். அது உண்மையா என்பது கேள்வி.

உண்மை இல்லை. ஆனால் அவர் அதைக் காற்றிலிருந்து பிடித்துச் சொல்லவில்லை. பாதி உண்மை ஒன்று இந்தத் தொழிலில் ரொம்ப நாளாகவே கைமாறிக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் மற்றது விளங்கும்.

அமெரிக்காவின் மின் வயரிங் விதிநூலான நேஷனல் எலெக்ட்ரிக்கல் கோட் (சுருக்கமாக என்.இ.சி.), அதாவது என்.எஃப்.பி.ஏ. 70, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் நூல். வயரிங் முறைகளின் பொது விதிகள் அதன் 300-ஆவது ஆர்ட்டிக்கிளில் இருக்கின்றன. தொலைபேசி, டேட்டா கேபிள்கள் 8-ஆம் அத்தியாயத்தில் தனியாக இருக்கின்றன. நூலின் 90.3 பிரிவு என்ன சொல்கிறது என்றால், 8-ஆம் அத்தியாயம் தனிக்குடித்தனம். அதுவே பெயர் சொல்லி அழைத்தாலொழிய முந்தைய அத்தியாயங்களின் விதிகள் அதற்குள் நுழையாது. இதைப் படித்தவர்கள், அல்லது படித்தவர் சொல்லக் கேட்டவர்கள், "300 நமக்கு இல்லை" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த அத்தியாயத்துக்குள்ளேயே 800.24 என்று ஒரு பிரிவு இருக்கிறது; அது 300.11-ஐ, அதாவது வயரிங்கை எதில் தாங்கவைக்கலாம் என்று சொல்லும் பிரிவை, பெயர் சொல்லியே அழைக்கிறது. தெர்மோஸ்டாட், கதவுப் பூட்டு போன்ற கிளாஸ் 2 வயர்களுக்கு 725.24 அதே வேலையைச் செய்து வந்தது. 2023 பதிப்பில் இந்தக் கேபிள் விதிகள் 722-க்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஃபயர் அலாரத்துக்கு 760.24, ஃபைபருக்கு 770.24. எந்த வாசல் வழியாகப் போனாலும் 300.11-இல்தான் போய் நிற்பீர்கள்.

இடையில் ஒரு வார்த்தை. "லோ வோல்டேஜ்" என்று நாம் பேசுவதே அமெரிக்கப் பேச்சுவழக்கு. சர்வதேசத் தரங்களில் 1000 வோல்ட் ஏ.சி. (மாறுமின்னோட்டம்) வரை எல்லாமே லோ வோல்டேஜ்தான்; இந்திய வீட்டு 230 வோல்ட் உட்பட. அமெரிக்காவில் லோ வோல்டேஜ் என்பதை மற்ற நாடுகளில் எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ், சுருக்கமாக இ.எல்.வி., என்பார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு இங்கே வருகிற நம் ஆட்கள் முதல் மாதம் இதில் குழம்பாமல் இருந்ததில்லை.

இப்போது 300.11. சீலிங்குக்கு மேலே போகிற வயரிங் பற்றி அது சொல்வதை நம் மொழியில் சொன்னால்: கேபிளின் எடை கட்டடத்தின் தலையில் ஏற வேண்டும், சீலிங்கின் தலையில் ஏறக்கூடாது. சீலிங் கிரிட்டில், அதாவது டைல்கள் உட்காரும் உலோகச் சட்டத்தில், கேபிளைத் தாங்கவிடக் கூடாது. சீலிங்கைத் தாங்கும் கம்பியிலும் கட்டக் கூடாது. கம்பியில்தான் தொங்கவிட வேண்டும் என்றால், சீலிங் கம்பிகளுக்கு மேல் கூடுதலாக, கேபிளுக்கென்றே தனிக் கம்பி போட வேண்டும். அந்தத் தனிக் கம்பி இரண்டு முனையிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். எது சீலிங்கின் கம்பி, எது கேபிளின் கம்பி என்று பார்த்தவுடன் தெரியும்படி நிறம் பூசியோ, டேக் மாட்டியோ வேறு வகையிலோ காட்ட வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீத்தடுப்பு மதிப்பீடு இல்லாத சாதாரண சீலிங்கில், சீலிங் தயாரித்த நிறுவனத்தின் அறிவுறுத்தல் தாளே "இவ்வளவு எடை வரை கட்டலாம்" என்று அனுமதித்தால் கட்டலாம். தீத்தடுப்பு மதிப்பீடு உள்ள தளம்-சீலிங் அமைப்பில், அந்த அமைப்பைச் சோதித்தபோதே கேபிளோடு சேர்த்துச் சோதித்திருந்தால் மட்டுமே. உங்கள் கான்ட்ராக்டர் இந்த விலக்கைப் பிடித்தால், "தாளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான் பலமுறை கேட்டிருக்கிறேன். யாரும் இதுவரை கொண்டுவந்து காட்டியதில்லை.

அவர் இன்னொரு ஓட்டை வழியாகவும் தப்பப் பார்க்கலாம். 800.24-இன் வாசகம், "சீலிங், சுவர்களின் மேற்பரப்பில் எக்ஸ்போஸ்டாக" (வெளிப்படையாக) போகும் கேபிள்களைக் கட்டடத்தின் அமைப்பே தாங்க வேண்டும் என்கிறது. "இது சீலிங்குக்கு மேலே மறைந்து கிடக்கிறதே, எக்ஸ்போஸ்டு எப்படி?" என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்கு நூலின் 100-ஆவது ஆர்ட்டிக்கிளில் தனிப் பொருள் உண்டு: மேற்பரப்பில் இருப்பது, அல்லது திறந்து பார்க்க வசதியாகச் செய்யப்பட்ட பேனலுக்குப் பின்னால் இருப்பது. கையால் தூக்கினால் வந்துவிடும் டைல் அப்படிப்பட்ட பேனல்தான். ஆகவே உங்கள் கேபிள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சட்டப்படி எக்ஸ்போஸ்டு. ஜிப்சம் போர்டு அடித்து மூடிய சீலிங் என்றால் கதை வேறு.

சரி, சீலிங் கம்பியில் கட்டினால் அப்படி என்ன குடி முழுகிவிடும்? கணக்குப் போடுவோம். 305 மீட்டர் கேட்-6 பெட்டி சுமார் 12 கிலோ இருக்கும். மீட்டருக்கு 40 கிராம். ஒற்றைக் கேபிளாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. 48 கேபிள் சேர்ந்தால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 கிலோ. 20 மீட்டர் ஓட்டத்துக்கு 38 கிலோ. 2 அடிச் சதுர டைல் ஒன்றின் எடையே ஒன்றரை, இரண்டு கிலோதான். அதன் மேல் இன்னொரு கிலோவுக்கு மேல் போய் உட்கார்ந்தால் தொய்யாமல் என்ன செய்யும்? கிரிட்டின் பிரதான ரன்னர்களை, அதாவது முக்கியமான நீளச் சட்டங்களை, ஏ.எஸ்.டி.எம். சி635 என்ற அமெரிக்கத் தரம் மூன்று ரகமாகப் பிரிக்கிறது. அதில் லைட் ரகம் ஓர் அடிக்கு 5 பவுண்டு, அதாவது மீட்டருக்கு ஏழரைக் கிலோ தாங்கும். டைல், விளக்கு, காற்று வெளிவரும் டிஃப்யூசர் எல்லாம் ஏற்கெனவே அந்த வரவு செலவில் இருக்கின்றன. உங்கள் கேபிள் அதில் கணக்கில் வராத கடன்.

எடையைவிட இழுப்புதான் எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரியும். சீலிங் கம்பி நேர்கீழாகத் தொங்கினால்தான் கிரிட் மட்டமாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு கட்டைக் கட்டி இழுத்தால் கம்பி வில்லாக வளைகிறது, கீழே டி-பார் (கிரிட்டின் சட்டம்) ஒரு பக்கம் மேலே ஏறுகிறது, டைலுக்கும் பாருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி திறக்கிறது. ஒரு முறை வாடிக்கையாளர் ஒருவர் "சீலிங்கில் வெளிச்சம் தெரிகிறது" என்று கூப்பிட்டார். ஏணி போட்டுப் பார்த்தேன். ஒரே கம்பியில் மூன்று தனித்தனிக் கட்டுகள். மூன்றும் மூன்று திசைக்கு இழுக்கின்றன. கட்டியிருந்த டை, கேபிளின் உறையில் நகம் பதிந்ததுபோலத் தடம் விட்டிருந்தது. கத்தரித்ததும் கம்பி டங்கென்று நிமிர்ந்து, சீலிங் தானாகவே மட்டத்துக்கு வந்தது.

தீ வரும்போது இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இல்லை, இங்கிலாந்தில் இருக்கிறது. 2005 பிப்ரவரியில் ஸ்டீவனேஜ் நகரத்தின் ஹாரோ கோர்ட்டிலும், 2010 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனின் ஷர்லி டவர்ஸிலும், அடுக்குமாடித் தீயில் பிளாஸ்டிக் தாங்கிகள் உருகிக் கேபிள்கள் தொங்கின. புகையில் தீயணைப்பு வீரர்கள் அவற்றில் சிக்கினார்கள். இரண்டு சம்பவத்திலும் இரண்டிரண்டு வீரர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு அந்நாட்டு வயரிங் விதியான பி.எஸ். 7671, 2015-இல் வெளியேறும் வழிகளில் கேபிள் தீயில் சீக்கிரம் விழாதபடி தாங்கியிருக்க வேண்டும் என்றது. 2018-இல் வந்த 18-ஆம் பதிப்பு அதைக் கட்டடம் முழுமைக்கும் விரித்தது. லண்டன் பக்கம் கேபிள் வேலை பார்ப்பவர்கள் உலோகக் கிளிப்பைக் கையோடு வைத்திருப்பது இதனால்தான். அமெரிக்கக் கோட் அந்த அளவுக்குத் தீயில் விழுவதைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் டைல் எரிந்து விழுந்தால் அதன்மேல் சும்மா கிடந்த கட்டு யார் தலையில் இறங்கும் என்று யோசிக்க விதி தேவையில்லை.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: எத்தனை அடிக்கு ஒரு தாங்கி? என்.இ.சி. இதற்கு எண்ணே சொல்லவில்லை. மின் கேபிள்களுக்கு அடிக்கணக்கு சொல்லும் அதே நூல், டேட்டா கேபிளுக்கு "நேர்த்தியாக, வேலை தெரிந்தவன் செய்ததுபோல், கேபிள் பழுதாகாதபடி" என்று நிறுத்திக்கொள்கிறது. "4 அடிக்கு ஒன்று என்று கோட் சொல்கிறது" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார். எண் இருப்பது தொலைத்தொடர்புத் தொழில் சங்கத்தின் டி.ஐ.ஏ. 569 தரத்தில்: ஜே-ஹூக் (ஜே வடிவக் கொக்கி) போன்ற இடைவிட்ட தாங்கிகளுக்கு நடுவே 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது 5 அடி. டைலுக்கு மேலே 75 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் அங்கிருந்து வருவதுதான். இது தானாகவே சட்டம் ஆகாது. ஆனால் "வேலை தெரிந்தவன்" எப்படிச் செய்வான் என்று இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது கையில் எடுப்பது இந்த மாதிரித் தரங்களைத்தான். உங்கள் ஒப்பந்தத்தில் டி.ஐ.ஏ. தரப்படி என்று ஒரு வரி இருந்தால் அதுவே போதும், கோட் வரை போக வேண்டியதில்லை.

நான் 4 முதல் 5 அடிக்குள் வைப்பேன், சரியாக ஒரே அளவில் வைக்க மாட்டேன். எல்லா வளைவும் ஒரே இடைவெளியில் வந்தால் சிக்னல் பிரதிபலிப்பு ஒரே இடத்தில் குவியும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதில் எவ்வளவு இருக்கிறதோ, பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஜே-ஹூக்கின் அடிப்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். கம்பி மாதிரி மெலிந்த கொக்கியில் 48 கேபிளைப் போட்டால் அடியில் கிடக்கும் நாலைந்து கேபிள் மட்டும் நசுங்கும். ஆறு மாதம் கழித்து "அந்த ஒரு டெஸ்க் மட்டும் ஸ்லோ" என்று அழைப்பு வரும். வளைவு, கேபிள் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. இழுக்கும்போது 110 நியூட்டன், கிட்டத்தட்ட 11 கிலோ இழுப்பைத் தாண்டக் கூடாது. டைக்குப் பதில் வெல்க்ரோ. இதெல்லாம் தெரிந்ததுதான்.

ஸ்பிரிங்க்ளர் பைப்பில் தொங்குவதை இன்றைக்கே அவிழ்க்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அடுத்த வாரம் வரை பொறுக்கும், இது பொறுக்காது. ஸ்பிரிங்க்ளருக்கான என்.எஃப்.பி.ஏ. 13, அந்தப் பைப்பும் அதன் ஹேங்கரும் வேறு எதையும் தாங்கக் கூடாது என்கிறது. தீயணைப்புத் துறை ஆய்வாளர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். அவருக்கு உங்கள் கேபிள் என்ன கிளாஸ் என்பதில் அக்கறையே கிடையாது.

மின்சாரப் பைப்பிலும் கட்டக் கூடாது. 2020 பதிப்பில் கிளாஸ் 2 வயருக்கு இதை 725.143 நேராகவே சொல்கிறது: பைப்பின் வெளிப்புறத்தில் வாரால் கட்டுவதோ டேப் ஒட்டுவதோ கூடாது. ஒரே ஒரு சலுகை, 300.11-இல். ஏ.சி. யூனிட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பைப்பு ஒன்று இருக்கிறது, அதே யூனிட்டின் 24 வோல்ட் கன்ட்ரோல் வயரும் அதே இடத்துக்குத்தான் போகிறது என்றால், அந்த வயரை அந்தப் பைப்பில் கட்டிக்கொள்ளலாம். பக்கத்து அறைக்குப் போகும் உங்கள் நெட்வொர்க் கேபிள் அந்தச் சலுகையில் ஒண்டிக்கொள்ள முடியாது. இதை வைத்து எத்தனையோ பேர் எல்லாவற்றையும் பைப்பில் கட்டியிருக்கிறார்கள்.

மின் வயருக்கும் டேட்டா கேபிளுக்கும் இடையே 12 அங்குலம் விட வேண்டும் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கோட் கேட்பது 2 அங்குலம், 50 மில்லிமீட்டர். மின் வயர் பைப்புக்குள்ளோ உலோக உறை போட்ட கேபிளிலோ போனால் அதுவும் தேவையில்லை. அமெரிக்க அலுவலகக் கட்டடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது.

பிளீனம் விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். சீலிங்குக்கு மேலே இருக்கும் வெற்றிடமே ஏ.சி.யின் திரும்பும் காற்றுக்கு வழியாக இருந்தால் அது பிளீனம். கண்டுபிடிப்பது எளிது: காற்றை உள்ளே இழுக்கும் கிரில் ஒன்றின் பக்கத்து டைலைத் தூக்குங்கள். கிரிலின் முதுகில் டக்ட் இணைந்திருந்தால் பெரும்பாலும் பிளீனம் இல்லை. திறந்த வாயாக இருந்தால் பிளீனம்தான். அப்படியானால் கேபிள் உறையில் சி.எம்.பி. என்று அச்சிட்டிருக்க வேண்டும், மாடிக்கு மாடி செங்குத்தாகப் போவதற்கான சி.எம்.ஆர். ரகம் போதாது. சி.எம்.பி. என்றால் என்.எஃப்.பி.ஏ. 262 சோதனையில் தீ 5 அடிக்கு மேல் ஓடாமல், புகையும் வரம்புக்குள் நின்ற கேபிள் என்று பொருள். பலர் கேபிளை மட்டும் பார்த்துவிட்டு டையை மறந்துவிடுவார்கள். பிளீனத்தில் போடும் பிளாஸ்டிக் டையும் பிளாஸ்டிக் தாங்கியும் குறைந்த புகை, குறைந்த வெப்பம் வெளிவிடும் என்று சோதித்துப் பட்டியலிடப்பட்டவையாக இருக்க வேண்டும். கடையில் நூறு நூறாக வரும் சாதா டை இதில் தேறாது. உலோக ஜே-ஹூக்குக்கு இந்தத் தொல்லையே இல்லை.

கேமரா, வைஃபை கருவிகளுக்கு அந்தக் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்புகிறீர்கள் என்றால் கட்டின் பருமனையும் கவனியுங்கள். நடுவில் சிக்கிய கேபிளின் சூடு வெளியேற இடம் இருக்காது. 2017 பதிப்பில் இதற்காகவே ஓர் அட்டவணை வந்தது. கட்டில் எத்தனை கேபிள் இருக்கிறதோ அதற்கேற்பக் கடத்தக்கூடிய ஆம்பியர் குறையும், 192 கேபிள் கட்டு வரை அதில் இருக்கிறது. 48-ஐ இரண்டு 24 ஆகப் பிரித்து இரண்டு வரிசை ஹூக்கில் போட்டால் தலைவலி பாதி தீர்ந்தது.

டைல் மேல் படுத்திருக்கும் கட்டுக்கு இன்னொரு விதியும் எதிராக நிற்கிறது. 800.21: கேபிள் குவிந்து கிடப்பதால் பேனலை, சீலிங் டைலை, திறக்க முடியாமல் போகக் கூடாது. எலெக்ட்ரீஷியன் ஒரு ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கக் கையை நீட்டும்போது, டைலை ஒரு கையால் தூக்க முடியாமல் அதன் மேல் நாலு கிலோ கேபிள் கிடந்தால் மீறல் அங்கேயே இருக்கிறது.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. கேபிளைப் புதிதாக இழுக்க வேண்டியதில்லை, நசுங்கிய தடம் உள்ளவற்றை மட்டும் டெஸ்டர் போட்டுப் பார்த்தால் போதும். மேலே ஸ்லாபிலோ பீமிலோ ஆங்கர் அடித்து, 12-ஆம் கேஜ் தனிக் கம்பியை இறக்கி, மேல்முனையை 3 அங்குலத்துக்குள் மூன்று முழுச் சுற்றாகத் தன்மேலேயே முறுக்கி, அதில் ஜே-ஹூக் மாட்டுவார்கள். கீழ்முனையை வழக்கமாக கிரிட்டிலேயே கட்டுவார்கள். அங்கே எடை ஏறாது, கம்பி ஆடாமல் பிடித்துக்கொள்ள மட்டும். ஆரஞ்சு, மஞ்சள் நிறம் பூசிய கம்பியே கிடைக்கிறது; வாங்கிப் போடச் சொல்லுங்கள், டேக் மாட்டும் வேலை மிச்சம். பீமில் நேராக ஹூக் மாட்ட முடிந்தால் கம்பியே வேண்டாம். டைல்களை மூடுவதற்கு முன் ஒவ்வொரு வரிசையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் எந்த ஆண்டுப் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது என்பதை நகர பெர்மிட் அலுவலகத்தில் ஒரு போனில் கேட்டுவிடலாம். மாநிலத்துக்கு மாநிலம், சில இடத்தில் நகரத்துக்கு நகரம் மாறும். சிகாகோ போன்ற ஊர்கள் தங்களுக்கென்று திருத்தியே வைத்திருக்கின்றன. நான் சொன்ன பிரிவு எண்கள் பதிப்பைப் பொறுத்து இடம் மாறலாம். கடைசித் தீர்ப்பு அந்த ஊர் இன்ஸ்பெக்டருடையது.

நீங்கள் கேட்காத ஒன்று. டைலைத் தூக்கியபோது பழைய சாம்பல் நிறக் கேபிள்களும் கிடந்ததாக எழுதியிருந்தீர்கள். முந்தைய வாடகைதாரர் விட்டுப்போனவையாக இருக்கும். எதிலும் இணையாமல், பின்னால் பயன்படும் என்று டேக்கும் இல்லாமல் கிடக்கும் கேபிளில், கைக்கு எட்டும் பகுதியை அகற்ற வேண்டும் என்று 2002 பதிப்பிலிருந்தே கோட் சொல்கிறது. இப்போது அது 800.25. அகற்றும் செலவு யாருடையது என்பதை உங்கள் வாடகை ஒப்பந்தம்தான் சொல்லும். பல ஒப்பந்தங்களில் அது "உள்ளே வருபவர் தலையில்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். கான்ட்ராக்டரோடு பேசுவதற்கு முன் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். ஆட்கள் எப்படியும் ஏணியோடு வரப்போகிறார்கள், ஒரே நாளில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம்.